நாலு விரல் பாதம்

மூன்றாவது படியைத் தாண்டினால் என் இடது முழங்கால் சொன்னபடி கேட்காது, ஐயா. இந்த ஸ்டேஷன் வாசலில் இருக்கும் ஆறு படிக்கே நடுவில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கித்தான் வந்தேன். பதினெட்டு வயதில் மூட்டை தூக்கப் போனவன். முதுகு தாங்கிக்கொண்டது, முழங்கால்தான் முதலில் கையை விரித்தது. ஏணி செய்து விற்கிறவனுக்கு ஏணி ஏற வராது என்று தெரிந்தால் ஆட்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். வியாபாரத்தில் ரோஷம் பார்க்கக் கூடாது.

என் அக்கா எழுதிக் கொடுத்த மனுவை முழுக்க வாசித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு ஆட்சேபம். "என் கணவரின் ஏணியை என் தம்பி காப்பி அடித்து" என்று வருகிறதே, அந்த இடம். நான் காப்பி அடிக்கவில்லை. நான் செய்ததற்கு வேறு பெயர் இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் படித்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், மீதியை நானே ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் அத்தானை நாளைக் காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது என் வாக்குமூலத்தைப் பொறுத்தது என்றீர்கள். அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன்.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். இந்த ஊரில் விரித்து நிறுத்தும் இரும்பு ஏணி என்றால் அவர்தான். பெயிண்டர், எலக்ட்ரீஷியன், பூச்சு வேலைக்காரர் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். மூட்டை தூக்க முடியாமல் நான் வீட்டில் உட்கார்ந்தபோது அக்கா சொல்லி என்னைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். ஒன்பது வருஷம் இருந்தேன். குழாய் அறுத்தேன், துரு தேய்த்தேன், பெயிண்ட் அடித்தேன். இரண்டாவது வருஷம் நான் தூக்கி வந்த குழாய்க் கட்டு கை நழுவி அவர் இடது காலில் விழுந்தது. சுண்டுவிரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை. "விடுடா, அந்த விரலுக்குப் பெருசா வேலை ஒண்ணும் இல்ல" என்றார். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வெல்டிங்கும் பெயிண்டும் முடிந்த ஒவ்வொரு ஏணியிலும், சிமெண்டு மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு அவரே ஏறுவார். படிக்குப் படி இரண்டு காலையும் வைத்து நின்று, குதிகாலைத் தூக்கி மூன்று தரம் பொத்தென்று இறக்குவார். கடைசியில் மேல் தகட்டின் மேல் நின்று, ஒன்றும் நடக்காததுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பார். எந்தப் படியாவது முனகினால் போதும், இறங்கி வந்து அதை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பார். ஒரு ஏணிக்கு அரை மணி நேரம் இதற்கே போய்விடும்.

ஒருநாள் அவசரத்தில், பெயிண்ட் முழுதும் காயும் முன்னால் ஏறிவிட்டார். மேல் தகட்டில் இடது பாதம் பதிந்துவிட்டது, நாலு விரலோடு. அந்த ஏணியை வாங்கிப்போன ஆள், செய்தவரே ஏறி நின்று பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்று வேலைக்குப் போன இடத்திலெல்லாம் காட்டியிருக்கிறார். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து கால் வைத்த ஏணிதான் வேண்டும் என்றார்கள். அதன் பிறகு எல்லோருமே அதைத்தான் கேட்டார்கள். அத்தானும் பாதி காய்ந்த பதத்திலேயே ஏற ஆரம்பித்தார். மற்றப் படிகளில் பட்ட தடத்தைப் பிரஷால் மூடிவிட்டு, மேல் தகட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுவார். விளம்பரப் பலகை வைக்காமலே ஊர் முழுக்க அவர் கால் நடந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஐயா. ஐந்து விரலும் இருந்திருந்தால் அது யாருடைய காலோ. நாலு விரல் என்பதால்தான் அது அவருடைய கால். அந்தக் குழாய்க் கட்டு யார் கையிலிருந்து நழுவியது என்று யோசித்தால், அந்த அடையாளத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் அதை எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு நான் தனியாகக் கொட்டகை போட்டேன். அத்தானே தன் பழைய வெல்டிங் மெஷினைக் கொடுத்து அனுப்பினார். முதல் ஆறு மாதம் ஜன்னல் கம்பி, கேட் என்று ஓட்டினேன். அப்போதுதான் சிறு தொழில் செய்கிறவர்கள் சங்கத்தில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். கோட்டு போட்ட ஒரு ஆலோசகர் வந்தார். வாழ்க்கையில் சுத்தியல் பிடிக்காத கை, ஆனால் பேச்சில் சரக்கு இருந்தது. போட்டிக்காரன் செய்வதைப் பார்த்து அதையே செய்தால் காப்பி என்றார். அவன் எதைச் செய்கிறான், எந்த அளவுக்குச் செய்கிறான், ஏன் செய்கிறான் என்று அளந்து, நம்முடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறைகிற இடத்தை நிரப்பினால் அது பெஞ்ச்மார்க்கிங் என்றார். மூன்று கட்டம் போட்ட தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எது, எவ்வளவு, ஏன். டீ குடிக்கும்போது அவரிடம் போய், செய்து முடித்த பிறகு பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "மூணாவது கட்டத்தைப் பாருங்க, தெரிஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர். பிஸ்கட்டை டீயில் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

மச்சினனை அனுப்பி அத்தானிடமிருந்து ஒரு ஏணி வாங்கிவரச் செய்தேன். நானே போயிருந்தால் சும்மா கொடுத்திருப்பார், அது முறையில்லை. மூன்று நாள் உட்கார்ந்து அளந்தேன். குழாயின் கனம், படிக்கும் படிக்கும் உள்ள இடைவெளி, தகட்டின் அகலம், காலை விரித்தால் எத்தனை அடி, பெயிண்டின் நிறம், விலை. எது என்ற கட்டமும் எவ்வளவு என்ற கட்டமும் நிரம்பி வழிந்தன. ஏன் என்ற கட்டத்தில் 'கேட்கிறார்கள்' என்று எழுதினேன். எல்லா வரிக்கும் அது பொருந்தியது. பாதத்துக்கு நேரேயும் அதையே எழுதினேன். அங்கே வேறு காரணம் உண்டென்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பது வருஷம் கீழே நின்று பார்த்தவன். ஆனால் கட்டம் சின்னது.

முதல் மாதம் முறைப்படிதான் செய்தோம். எனக்கு முழங்கால் இப்படி இருப்பதால் என் வெல்டரை ஏறச் சொன்னேன். ஒல்லியான ஆள், ஆனால் மூட்டையோடு ஏறினார். இருபது ஏணி ஏறினார். பத்தொன்பது நின்றது. ஒன்றில் ஏழாவது படி கழன்று கையோடு வந்துவிட்டது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. வெல்டிங் கம்பியும் அத்தான் வாங்குகிற அதே கம்பி, மெஷினும் அத்தானுடைய மெஷின். இருந்தாலும் இருபது ஏணியில் ஒன்றில் வெல்டிங் பற்று சரியாகப் பிடிக்காது, அது இந்த வேலையின் சுபாவம் என்றார் வெல்டர். நான் அதை வேறு விதமாகப் பார்த்தேன். இருபதுக்குப் பத்தொன்பது என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. எங்கள் வம்சத்தில் யாரும் எந்தப் பரீட்சையிலும் அவ்வளவு வாங்கியதில்லை.

பிரச்சினை அதில் இல்லை. வெல்டர் ஏறிய ஏணிகளை யாரும் வாங்கவில்லை. மேல் தகட்டைப் பார்ப்பார்கள், விரலை எண்ணுவார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "அஞ்சு விரல் இருக்கே, இது டூப்ளிகேட்ல?" வெல்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடவுள் குடுத்த காலு, அதைப் போய் டூப்ளிகேட்ங்கிறான்" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

ஆக, ஏறிப் பார்த்தால் விற்கவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. ஏறாமல் விட வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. ஏறுவதை வாடிக்கையாளர் கேட்கவில்லை, பாதத்தைத்தான் கேட்டார்கள். அத்தானின் ஏணித் தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, தடித்த ரப்பரில் அதே அளவுக்கு வெட்டித் தரச் சொன்னேன். குதிகால் வெடிப்பு இரண்டும் வர வேண்டும் என்றேன். வந்தது. "நாலு விரல்தானே, அஞ்சுக்குக் காசு கேக்க மாட்டேன்" என்றார் அவர். பாதி காய்ந்த பெயிண்டில் அதை வைத்து, ஒரு பலகை போட்டு அழுத்தி எடுத்தால் அத்தான் அப்போதுதான் இறங்கிப் போனதுபோல் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே மரியாதையாக ஒதுங்கி நிற்கத் தோன்றியது.

வெல்டர் அந்த ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, அவரு காலு எம்பது கிலோ, மூட்டை அம்பது. இது கால் கிலோகூட இருக்காதே" என்றார். பாதம் என்பது பாதம்தான், எடையை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். மாதக் கடைசியில், கண் எரிகிறது என்று சொல்லி அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வெல்டிங் வேலையில் கண் எரியத்தான் செய்யும்.

அத்தானிடம் ஆர்டர் கொடுத்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அந்த அரை மணி நேர வழக்கத்தால். என்னிடம் அன்றைக்கே கிடைக்கும். ஆலோசகர் சொன்னாரே, குறைகிற இடத்தை நிரப்புவது என்று, அதுதான் இது. வந்தவர்கள் யாரிடமும் நான் ஒரு பொய் சொன்னதில்லை. அந்தப் பெயிண்டரிடமும் சொல்லவில்லை.

அவர் மனைவியோடு வந்தார். இருவரும் சேர்ந்து வேலைக்குப் போகிறவர்கள். நகத்தில் இருவருக்கும் ஒரே பச்சை நிறம் ஒட்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தை முழுக்க அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, காத்திருக்க முடியாது என்றார். மேல் தகட்டைப் பார்த்தார்.

"இது நாலு விரல்காரர் ஏணிதானே?"

"பாதத்தைப் பாத்துக்குங்க" என்றேன்.

"ஏறிப் பாத்தது?"

"அதான் காலு தெரியுதே."

பாருங்கள், ஐயா, இதில் எந்த வார்த்தை பொய்? பாதத்தைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார். அந்த அம்மாவும் குனிந்து பார்த்து, விரலை வைத்து எண்ணினார். இரண்டு ஏணி வேண்டும் என்றார்கள், ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. "இத்தனை நாளு கீழ நின்னே அங்க விட்டுட்ட, இங்க விட்டுட்டன்னு சொல்லுவா. இனிமே மேல வந்து சொல்லட்டும்" என்று அவர் சிரித்தார். அன்று கையில் ஒரு ஏணிதான் தயாராக இருந்தது. இரண்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு, ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நல்ல தோள். மூட்டை தூக்கியவனுக்குத் தோளைப் பார்த்தால் தெரியும்.

மீதி உங்கள் ஃபைலில் இருக்கிறது. பள்ளிக்கூட மாடிப்படிச் சுவர், எட்டாவது படி, பற்று விட்டுவிட்டது. தலை கல்படியின் விளிம்பில் பட்டது, ஆள் அங்கேயே போய்விட்டார். அந்த அம்மா கீழே வாளியோடு நின்றிருக்கிறார். ஏணி ஒன்றுதான் இருந்ததால் அவர் மேலே ஏறவில்லை. அதையும் ஒரு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் நீங்கள் அத்தானைக் கூட்டி வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, அந்தத் தகட்டின் மேல் கால் வைக்கச் சொன்னீர்களாம். வெடிப்பு உட்பட அப்படியே பொருந்தியதாம். "பாதம் என்னோடது, ஏணி என்னோடது இல்ல" என்று அவர் சொன்னதற்கு இங்கே எல்லோரும் சிரித்தீர்களாம். சிரிப்பு வரத்தான் செய்யும். விற்ற ஏணிக்கெல்லாம் யாருக்கு, எந்தத் தேதி என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அதில் இந்தப் பெயிண்டர் இல்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டார் என்று நினைத்தீர்கள். பற்றைப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்திருக்கும், ஐயா, அது யார் கொட்டகையில் வைத்த பற்று என்று. அது அவருடைய மெஷின். ஆனாலும் என் பெயரை அவர் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சொல்லவில்லை. அதை நான் அவருடைய சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்காதான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று மத்தியானம் கொட்டகைக்கு வந்தாள். வழக்கமாக வந்தால் முழங்காலுக்கு எண்ணெய் தடவினாயா என்று கேட்பாள். நேற்றுக் கேட்கவில்லை. சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த ஏணியின் மேல் தகட்டில் கையை வைத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். இருபத்தாறு வருஷம் அந்தக் காலோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"இதுல யாருடா ஏறினது?"

"யாரும் ஏறலக்கா."

"யாருமேவா?"

"எனக்குத்தான் முழங்கால் வலின்னு உனக்குத் தெரியுமே."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். சான்றிதழைக் காட்டினேன். காப்பி என்பது வேறு, பெஞ்ச்மார்க்கிங் என்பது வேறு என்று அரை மணி நேரம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். தாளைக் கொடு என்றாள், கொடுத்தேன். பாதம் என்று எழுதிய வரியில் விரலை வைத்து, மூன்றாவது கட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள்.

"தெனமும் அவரு ஏறி எறங்குறதப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, காலை மட்டும் எடுத்துட்டு வந்துட்டியேடா" என்றாள்.

அழவில்லை. எழுந்து நேராக இங்கே வந்து மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்போதும் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, படி பார்த்து ஏறு என்றாள். அது அக்கறையா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஏணி என்னுடையது. பாதம் அத்தானுடையது, அவர் அதில் வைத்ததில்லை, நான் வைத்தேன், ரப்பரால். அதில் யாரும் ஏறிப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருபதில் ஒன்று நிற்காது என்றும் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் அதை விற்றேன். அத்தானை அனுப்பிவிடுங்கள், அவர் ஏற வேண்டிய ஏணிகள் நிறையக் கிடக்கும்.

மொத்தம் எத்தனை விற்றாய் என்று கேட்கிறீர்கள். ரப்பர் வந்த பிறகு இருநூற்று எண்பது. இருபதுக்கு ஒன்று என்று வைத்தால் பதினாலு. ஒன்று விழுந்துவிட்டது, பதிமூன்று எங்கெங்கேயோ சுவரில் சாய்ந்து நிற்கின்றன. யார் யாருக்கு விற்றேன் என்பது தெரியாது, ஐயா. அத்தானைப்போல் நோட்டுப் போடவில்லை. நோட்டை வாடிக்கையாளர் யாரும் கேட்டதில்லை. எல்லா ஏணியிலும் அவர் கால் இருப்பதால், பார்த்தும் பிரிக்க முடியாது. உங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தால்தான் உண்டு. மூட்டையோடு ஏறச் சொல்லுங்கள்.

கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன். அந்தச் சொல்லை மாற்றிவிட்டீர்களா? சரி, இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னும் ஒரே ஒரு விஷயம். நான் கை நீட்டி வாங்கிய காசுக்குச் சரக்குக் கொடுக்காமல் இருந்தவன் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெயிண்டர் இரண்டு ஏணிக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைத்தான் கொண்டுபோனார். மற்றது பாதம் வைத்து, காய்ந்து, கொட்டகையில் தயாராக நிற்கிறது. யாரையாவது விட்டு அனுப்பி வைத்தால் நல்லது. அந்த அம்மாவுக்கு நான் இன்னும் ஒரு ஏணி தர வேண்டியிருக்கிறது.